கதிர்வேந்தன் கார் ஓட்டக் கற்ற கதை

செங்காட்டுப்பாளையத்தில் ஒருவருக்கு ஒரு வித்தை நன்றாகத் தெரிந்திருந்து, அதைத் தொடர்கதை நாயகன் வந்து கற்றுக்கொண்டு போய்விட்டால், அதற்குப் பிறகு அவருக்கு அந்த வித்தை தெரியாது.

அந்த ஊரில் இது நெடுநாள் நடைமுறை. வாய்க்கால்கரைச் சென்னியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் குதித்தால் அடுத்த மதகில்தான் தலை தெரியும் என்று பேரெடுத்தவர். 'வாரத்தேன்' பத்திரிகைத் தொடர்கதையின் நாயகன் கதிர்வேந்தன் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான், வெயில் ஏறுவதற்குள் அவரிடம் நீச்சல் கற்றுக்கொண்டான், மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டான். அன்று சாயங்காலம் துண்டைக் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போன சென்னியப்பன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் அவர் தினமும் வாய்க்காலுக்குப் போகிறார், சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்.

மெஸ் நடத்திய ருக்மணியிடம் அவன் சமையல் கற்றுக்கொண்டு போனான். கதையில் ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரன் வேஷத்தில் நுழைய வேண்டியிருந்தது. ருக்மணிக்கு இப்போது பருப்பு வெந்ததா என்று பார்க்கத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் சமைக்கிறார், ஊரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

கதிர்வேந்தன் நல்ல பிள்ளை. திமிர் என்பது மருந்துக்கும் கிடையாது. எதை எடுத்துக்கொண்டு போனாலும் மறுமுறை வரும்போது அந்த வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கி வருவான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பான். கதையில் எப்படிப் பேசுகிறானோ ஊரிலும் அப்படியேதான் பேசுவான். "வணக்கம் ஐயா. தங்கள் நீச்சலால் சென்ற வாரம் ஓர் உயிரைக் காப்பாற்றினேன்" என்பான். கேட்ட சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீச்சல் போனது போனதுதான், ஆனாலும் ஓர் உயிர் அல்லவா.

வெளியூர் வாசகர்களுக்குத்தான் அவன்மேல் குறை. எதையும் சொன்ன மாத்திரத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறானாம், விழுவதில்லையாம், தடுமாறுவதில்லையாம், நம் காதில் பூச்சுற்றுகிறார்களாம். அந்தப் பேச்சு செங்காட்டுப்பாளையம் வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுலபமாவது மண்ணாவது! சென்னியப்பன் அரைஞாண் கயிற்றோடு தண்ணீரில் தள்ளப்பட்ட நாளிலிருந்து வாய்க்காலைக் குடித்துக் குடித்துக் கற்ற நீச்சல் அது. வியாழக்கிழமைதோறும் மாவு மில்லில் கூடி 'வாரத்தேன்' படிக்கும்போது, கதிர்வேந்தன் வெள்ளத்தில் பாய்கிற இடம் வந்தால், "நம்ம சென்னியப்பன் கைவீச்சைப் பாத்தீங்களா" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொள்வார்கள்.

அந்த ஊரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் மயிலாத்தாள். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தாள். பக்கத்து இருக்கையிலும் ஒரு கிளச்சும் பிரேக்கும் வைத்த கார். ஒரு திங்கட்கிழமை காலை அவளுக்கு ஈரோட்டிலிருந்து போன் வந்தது. தொடர்கதையை எழுதுகிற சதாசிவம்தான் பேசினார்.

"அம்மணி, மலர்விழியை மலைமேல பங்களாவுல அடைச்சு வெச்சுட்டேனுங்க."

"படிச்சேனுங்க. பாவமுங்க அந்தப் புள்ளை."

"அந்த மிராசு கோதண்டம் கண்ணுல மண்ணைத் தூவிட்டு அவளைக் கீழ கொண்டாரணும். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. நம்ம தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க."

மயிலாத்தாள் ஜன்னல் வழியே தன் காரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அனுப்பறேனுங்க" என்றார் சதாசிவம். குரலில் ஒரு கூச்சம் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

முடியாது என்று அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. மயிலாத்தாளாலும் சொல்ல முடியாது. மலர்விழி கிழிந்த குடையோடு முதல் அத்தியாயத்தில் நடந்து வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பெண்ணோடு கூடவே வந்துகொண்டிருக்கிறாள். மிராசு கோதண்டம் பங்களாக் கதவைப் பூட்டிய வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை மலைமேலேயே கிட என்று விட்டுவிட முடியுமா?

அதே சமயம் கார் ஓட்டாமல் இருக்கவும் அவளால் முடியாது. அப்பாவின் நெல் லாரியில், அப்பா சந்தைக்குப் போன நேரமெல்லாம் திருட்டுத்தனமாக ஏறி ஏறிக் கற்றது அது. ஒரு வருடம் பிடித்தது. வீட்டுச் சுவரில் இரண்டு இடம், பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டி, பிள்ளையார் கோயில் வேலி, அவள் முன்பல்லில் பாதி, எல்லாம் அந்தக் கணக்கில் போயின. முதன்முதலாக லாரி குலுங்காமல் நகர்ந்த அன்று அவள் கோயில் வரைக்கும் போய், வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த சந்தோஷம் ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது கொஞ்சம் வரும். மற்றவர்கள் இழந்துவிட்டு இருப்பதைப்போல நாமும் இருந்துகொள்ளலாம் என்று இரண்டு நாள் நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு ஒப்பவில்லை.

புதன்கிழமை காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் அவளிடம் எத்தனையோ பேர் ஓட்டக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அவளிடமிருந்து ஒரு துளியும் குறையவில்லை. ஏனென்றால் அவர்கள் எல்லாரும் வண்டியை நடுரோட்டில் ஆஃப் பண்ணி, வெங்காய வண்டியில் இடித்து, அவளிடம் திட்டு வாங்கி, தங்கள் தங்களுக்கென்று அந்த வித்தையைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். கதிர்வேந்தனுக்குத்தான் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஆகவே ஏற்கெனவே பழுத்திருப்பதை அப்படியே பறித்துக்கொள்கிறான். அவன் மட்டும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டால் அவளுடையது அவளிடமே இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். கசங்காத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மயிலாத்தாள் அவனுக்கு டீ கொடுத்தாள், குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய்யோணும்."

"ஆணையிடுங்கள் அக்கா."

"இந்த ஒண்ணை மட்டும் கஷ்டப்பட்டுக் கத்துக்குங்க. வண்டி ஓட்டாம என்னால இருக்க முடியாது தம்பி. இருந்து பாக்கலாம்னு நெனச்சேன். ஆகலீங்க."

கதிர்வேந்தன் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் முகம் வாடிவிட்டது. இதுவரைக்கும் அவனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

"கட்டாயம் அக்கா. ஆனால் கஷ்டப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. யாராவது செய்து காட்டினால் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்."

கஷ்டப்படுவதைச் செய்து காட்ட அந்த ஊரில் நாச்சிமுத்துவை விட்டால் ஆள் இல்லை.

நாச்சிமுத்து மாவு மில்காரர். வியாழக்கிழமைக் கூட்டத்தில் தொடர்கதையை உரக்கப் படிப்பவர் அவர்தான். மனைவி இறந்த மறு வருடம் மயிலாத்தாளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அதன்பின் அவளிடம் சேர்ந்த காலேஜ் பிள்ளைகள் எல்லாம் லைசென்ஸ் வாங்கி, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மில்லைக் கடந்து போனார்கள். நாச்சிமுத்து இன்னும் கற்றுக்கொண்டிருந்தார். கிளச்சை விடு என்றால் கையை விடுவார். கண்ணாடியைப் பார் என்றால் பார்த்துத் தலை சீவிக்கொள்வார். டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர், நாச்சிமுத்துவின் முறை வந்தால் எழுந்துபோய் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார். இத்தனைக்கும் நாச்சிமுத்துவுக்கு வெட்கம் கிடையாது, மனத்தளர்ச்சி கிடையாது, ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பைக்கூட விட்டது கிடையாது.

"தம்பிக்கு நீங்க ஓட்டறதைக் காட்டோணுமுங்க" என்று மயிலாத்தாள் கேட்டபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"நானுங்களா? சொல்லிக்குடுக்கறதுக்கா?"

அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு சந்தைத் திடலுக்கு வந்தார்.

அன்று அவர் ஓட்டியதைப்போல அதற்கு முன்பு ஒரு நாளும் ஓட்டியதில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வண்டி குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் வைப்பர் ஆடியது. ரிவர்ஸ் போடப் போய் வண்டி முன்னால் பாய, கொய்யாப்பழக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மயிலாத்தாள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தாள். பின்னிருக்கையில் கதிர்வேந்தன் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

திடலை இரண்டாம் சுற்று சுற்றும்போது கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் திரும்பியது. நாச்சிமுத்துவின் இடது கால் தானாகக் கிளச்சுக்குப் போய்த் தானாக வந்தது. வேப்பமரத்தைச் சுற்றி, இரண்டு மாட்டு வண்டிகளுக்கு நடுவே பின்பக்கமாகவே நுழைந்து, கோடு கிழித்த மாதிரி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"வந்துருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து, மணிபர்ஸைத் தொலைத்தவர் குரலில்.

மயிலாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தப்பு அவளுடையதுதான். தெரிந்த வித்தைதான் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவர் இத்தனை வருடமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த தெரியாமையும் அதே மாதிரி போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கதிர்வேந்தன் அங்கே இருந்ததைக் கற்றுக்கொண்டான். எப்போதும்போல ஒரே பார்வையில், முழுசாக, ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

நாச்சிமுத்து இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தம்பிக்குப் பிரயோசனப்பட்டாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு மில்லுக்கு நடந்து போனார்.

பிறகு கதிர்வேந்தன் முன்னிருக்கைக்கு வந்தான். சாவியைத் திருப்பினான். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது. அவன் நெற்றி ஸ்டியரிங்கில் முட்டியது. இதற்கு முன்னால் அந்த நெற்றி எதிலும் முட்டியதில்லை.

"அக்கா! வரவில்லை!" என்றான் அவன்.

அதைக் கேட்டதும் மயிலாத்தாளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. உடனே நாச்சிமுத்துவை நினைத்து அந்தச் சந்தோஷத்துக்காகக் கூச்சப்பட்டாள். "கிளச்சை மிதிங்க தம்பி, மறுக்கா பாக்கலாம்" என்றாள்.

மத்தியான பஸ் போயிற்று. சாயங்கால பஸ் போயிற்று. கதிர்வேந்தன் கார் ஷெட்டிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். மறுநாளும் ஓட்ட வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போய் இன்னொரு வாரமும் போயிற்று. நாச்சிமுத்து சேர்த்து வைத்திருந்தது லேசுப்பட்ட சரக்கா என்ன? கதிர்வேந்தன் வாய்க்கால் பாலத்தில் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, பின்னால் பால் வண்டியும் கரும்பு வண்டியும் வரிசை கட்டி நிற்க, வேர்த்து ஊற்றினான். அவனுக்கு வேர்க்கும் என்பதே ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியது. படிய வாரிய தலை ஒரு நாளும் படியவில்லை. ருக்மணியின் வீட்டுக்காரர் சமைத்ததை அவனும் ஊரோடு ஊராகச் சாப்பிட்டான். சமையல் தெரிந்தவன் என்பதால் அவன் பட்ட பாடு மற்றவர்களைவிட அதிகம்.

மைல்கல்லில் இடித்த அன்றைக்கு அவன் பேச்சு மாறியது. "அய்யய்யோ! போச்சுங்கக்கா!" என்று கத்தினான். மயிலாத்தாள் திரும்பி அவனைப் பார்த்தாள். கத்தியது அவன்தான். அதற்குப் பிறகு அவன் 'ஆணையிடுங்கள்' என்று சொல்லவே இல்லை.

ஈரோட்டிலிருந்து சதாசிவம் போன் செய்தபடியே இருந்தார். அச்சுக்குப் போகிற நாள் வந்துவிட்டது, தம்பி எங்கே என்றார். இன்னும் ரெண்டாம் கியருக்கே வரலீங்க என்றாள் மயிலாத்தாள். அவர் அந்த வாரம் மலர்விழியின் சின்ன வயதுக் கதையை எழுதி ஒப்பேற்றினார். அடுத்த வாரம் அவள் அம்மாவின் சின்ன வயதுக் கதை. அதற்கடுத்த வாரம் அத்தியாயம் முழுக்க மலைமேல் மழை பெய்தது. வியாழக்கிழமை நாச்சிமுத்து அந்த மழையை உரக்கப் படித்து முடித்தபோது மில்லில் சிலர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் சதாசிவமே பஸ் ஏறி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரைப்போலக் கையில் ஒரு பிளாஸ்க். வாய்க்கால் மேட்டில்தான் அப்போது வகுப்பு. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். அவர் ரோட்டோரம் நின்று பார்த்தார். கார் உருண்டது. எடுத்தான், உருண்டது. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் உருண்டது. கதிர்வேந்தன் இறங்கிவந்து மேட்டில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

"எனக்கு இது வரவே வராதுங்கக்கா. அந்தப் புள்ளை மேலயே கெடந்து செத்துப்போயிரும்."

மயிலாத்தாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அதுவரைக்கும் அவனை அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மேட்டில் அவன்மேல் அவளுக்குப் பாசமே வந்துவிட்டது. தன் வித்தை தன்னிடம் இருக்க வேண்டும் என்ற நினைப்புகூட அந்த நேரத்தில் அவளுக்கு இல்லை. இவனுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எடுத்துக்கோ என்று கொடுத்துவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தாள். அதை அவள் வெளியே சொல்லவில்லை.

"எனக்கு ஒரு வருசம் ஆச்சுங்க தம்பி" என்றாள். "பல்லைப் பாருங்க" என்று பாதிப் பல்லைக் காட்டினாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எழுந்துபோய் மறுபடி காரில் ஏறினான்.

சதாசிவம் பிளாஸ்கைத் திறக்காமலே நின்றிருந்தார். "இந்தப் பையனுக்கு நான் இதையெல்லாம் குடுத்ததே இல்லீங்களே அம்மணி" என்றார்.

"இப்ப எழுதுங்க."

"எழுதோணும். அத்தனையும் எழுதோணும்" என்றார் அவர். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

கதிர்வேந்தனுக்கு மெல்ல மெல்ல வந்தது. ஒரு நாள் மூன்றாம் கியர் வந்தது. அடுத்த நாள் அது மறந்துபோயிற்று, பிறகு திரும்பி வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் அவனை முதலில் ஃபெயில் போட்டார், மறுமுறையும் ஃபெயில் போட்டார். மூன்றாம் முறை புளியமரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்து, முழுசாகப் பார்த்துவிட்டு, "போங்க தம்பி" என்றார். கதிர்வேந்தன் நேராக மாவு மில்லுக்கு ஓடினான். நாச்சிமுத்துவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"உங்களோடது எல்லாத்தையும் செலவு பண்ணிட்டேனுங்க."

"அதுக்கென்னுங்க. நல்ல காரியத்துக்குத்தானே" என்றார் நாச்சிமுத்து. அவன் தலையில் மாவு படிந்த கையை வைத்தார்.

அன்று சாயங்கால பஸ்ஸில் அவன் மலைக்குப் புறப்பட்டான். மயிலாத்தாள் ஸ்டாண்ட் வரைக்கும் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, பஸ் போகிற சத்தத்தைக் கேட்டாள்.

மறுநாள் காலை அவள் கார் ஷெட்டுக்குப் போனாள். கதவைத் திறந்து உட்கார்ந்தவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பவே இல்லை. எதிரே சென்னியப்பன் சொம்போடு வாய்க்காலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ருக்மணி வாசல் பெருக்கிய விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

அவள் இடது கால் அவளைக் கேட்காமலே கிளச்சுக்குப் போயிற்று.

அவள் ஊரை ஒரு சுற்று சுற்றினாள். போதவில்லை, இன்னொரு சுற்றும் சுற்றினாள். வாய்க்கால் பாலத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தாள். திரும்பி வரும்போது வீட்டு வாசலில் ருக்மணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "டீ குடிக்கறீங்களா? அவரு போட்டதுதான்" என்றாள். மயிலாத்தாள் இறங்கி அந்த டீயையும் குடித்தாள்.

வியாழக்கிழமை மில்லில் கால் வைக்க இடமில்லை. நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'வாரத்தேன்' பிரித்தார். அந்த வாரம் பாத்திரக்கடை விளம்பரம் ஒன்று முழுப்பக்கத்துக்கு வந்திருந்தது. தொடர்கதைக்கு மிச்சமிருந்த இடம் குறைவு. அவர் படித்தார்:

"அன்று மாலைக்குள் கார் ஓட்டுவது கதிர்வேந்தனுக்குக் கைவந்துவிட்டது. மறு கணமே அவன் மலையை நோக்கி விரைந்தான்."

அதற்குப் பிறகு மலைப்பாதை, மலர்விழி, பின்னால் துரத்துகிற ஜீப், எல்லாம் வந்தது. அவன் ஒவ்வொரு வளைவிலும் திரும்பியதை நாச்சிமுத்து ஏற்ற இறக்கத்தோடு படித்தார். மலர்விழி பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தாள்.

கம்பு அரைக்க வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் சாக்கின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இவனுக்கு மட்டும் எப்படிங்க எல்லாம் ஒரே நாள்ல வந்துருது? நாமெல்லாம் மனுசங்க இல்லீங்களா?" என்றார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் இருமினார். சென்னியப்பன் கூரையைப் பார்த்தார். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாதிப் பல் தெரியச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நாச்சிமுத்துவும் சிரித்தார். மில் முழுக்கச் சிரித்தது. வெளியூர்க்காரரும் ஏதோ நல்லதைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துச் சேர்ந்து சிரித்தார். அவர் கம்பை அன்று நாச்சிமுத்து காசு வாங்காமல் அரைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பு நேரத்துக்கு நாச்சிமுத்து வந்து மயிலாத்தாளின் வாசலில் நின்றார். சலவை வேட்டி கட்டியிருந்தார். கையைப் பிசைந்தார்.

"பழக்கத்துல வந்துட்டேனுங்க. எனக்குத்தான் ஓட்ட வந்துருச்சே. வர்றதுக்குக் காரணம் ஒண்ணும் இல்லீங்க."

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"காரணமெல்லாம் எதுக்குங்க? எடுங்க, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

அவர் எடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பக்கத்து பிரேக்கின்மேல் கால் வைக்கத் தேவையில்லாமல் மயிலாத்தாள் முதன்முறையாக அவரோடு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருக்கிறது என்பது, அவர் வழக்கமான சந்தில் திரும்பாமல் வாய்க்கால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனதிலிருந்து தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் காலை பஸ் வந்து நின்றிருந்தது. மிராசு கோதண்டம் இறங்கினார். சரிகை வேட்டி, முறுக்கு மீசை, விரலுக்கொரு மோதிரம். அடுத்த வாரம் அவர் மனம் திருந்தி மலர்விழியின் காலில் விழுந்து கதறி அழ வேண்டுமாம். அவருக்கு அழத் தெரியாது. கற்றுக்கொள்ள வந்திருந்தார், சாயங்கால பஸ்ஸுக்குள் முடிய வேண்டும்.

ஸ்டாண்டிலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் ஊர்ச் சனம் வரிசையில் நின்றது. மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு அழுகிறவள், சொத்துத் தகராறில் தம்பியிடம் பேச்சற்றுப்போய் அழுகிறவர், எதற்கென்று தெரியாமலே ராத்திரியில் அழுகிற பெட்டிக்கடைக்காரர், எல்லாரும் வந்திருந்தார்கள். எனக்கு நன்றாக வரும், என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மிராசு ஒவ்வொருவர் முன்னாலும் மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நாச்சிமுத்து காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வரிசையைப் பார்த்தார். மனைவி போனதிலிருந்து அவருக்கும் அழுகை நன்றாக வரும்.

"இறங்கறீங்களா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

அவர் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"இல்லீங்க. எனக்கு அது இன்னும் வேணுமுங்க."

"சரீங்க" என்றாள் அவள்.

அவர் கியரைப் போட்டார். வரிசையில் நின்றவர்கள் கார் போக வழிவிட்டுவிட்டு மறுபடியும் சேர்ந்து நின்றுகொண்டார்கள்.